ஒரு கொட்டகை, இரண்டு திருடர்கள்: இரவில் கோழிகள் போனதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஆறடி அளவில் ஒரு கோழிக்கொட்டகை. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் மரச்சட்டத்தில் அடித்த கோழி வலை, அலைத் தகரக் கூரை, மண் தரை, கொண்டி போட்ட ஒற்றைக் கதவு. பக்கத்திலேயே ஒரு பெரிய மரம். அதன் கிளையொன்று கூரைமேல் சாய்ந்திருந்தது. உள்ளே 16 பெட்டை, 2 சேவல். பெட்டைகளில் ஒன்று 9 குஞ்சுகளோடு மூலையில் தனியாகப் படுக்கும். கட்டியதிலிருந்து சில வருஷம் இரவில் ஒரு கோழிகூடப் போனதில்லை. அதனால் இழப்பு தொடங்கியபோது கொட்டகையை யாரும் சந்தேகப்படவில்லை. வெளியே புதிதாக ஏதோ வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

முதலில் போனவை குஞ்சுகள். காலையில் எண்ணினால் ஒன்று குறையும், இரண்டு நாள் விட்டு இன்னொன்று. ரத்தமோ இறகோ எதுவும் இல்லை. இப்படி நான்கு குஞ்சு போன பிறகு, நிலா இல்லாத ஓர் இரவில் பெரிய அடி விழுந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது ஆறு பெட்டைகள் தரையில் செத்துக் கிடந்தன. இரண்டு காயத்தோடு மூலையில் ஒடுங்கி நின்றன. செத்த ஆறில் ஒன்றை மட்டும்தான் தின்றிருந்தது, அதுவும் கழுத்தும் மார்பும் மட்டும். மற்ற ஐந்தும் கடிபட்டதோடு சரி.

கொட்டகைக்காரம்மா என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். போனதும் அவர் சொன்னது: "கீரிதான் தம்பி. வேலியோரம் தினமும் சுத்துது, என் கண்ணாலயே பார்க்கிறேன்."

"ராத்திரியில பார்த்தீங்களாம்மா?"

"ராத்திரியில எங்க பார்க்கிறது? பகல்லதான்."

கீரியை விடுவிக்க அந்தப் பதிலே போதுமானது. சாம்பல் கீரி பகலில் வேட்டையாடும் விலங்கு, பொழுது சாய்ந்தால் வளைக்குப் போய்விடும். பகலில் முட்டையையும் மேயும் குஞ்சையும் அது எடுக்கும், அந்த விஷயத்தில் அது நிரபராதி இல்லை. ஆனால் நள்ளிரவில் அடைத்த கொட்டகைக்குள் ஆறு கோழியைக் கடித்துப் போட்டது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கண்ணில் படுகிற விலங்கு கீரி, அதனால் பழியும் அதன்மேல் விழுகிறது. இரவில் வருவது யார் கண்ணிலும் படுவதில்லை.

எது வந்தது என்பதைவிட, எங்கே நுழைந்தது

இப்படிப்பட்ட இடத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த மிருகம் என்று. நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன். நுழைந்த ஓட்டை கிடைத்துவிட்டால் மிருகமும் பாதி தெரிந்துவிடும். மிருகத்தின் பெயர் மட்டும் தெரிந்து ஓட்டை தெரியாவிட்டால் அடுத்த ராத்திரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

செத்த கோழிகள் நிறையச் சொல்லின. எல்லாவற்றிலும் கடி கழுத்தின் பின்புறமும் தலையை ஒட்டியும் இருந்தது. இறகை விலக்கிப் பார்த்தால் சின்னச் சின்ன ஜோடித் துளைகள். நாய் புகுந்திருந்தால் முதுகும் தொடையும் கிழிந்திருக்கும், வலையும் பிய்ந்து தொங்கும். நரி பெரும்பாலும் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தலை மட்டும் காணாமல் உடல் வலையோரம் கிடந்தால், ஏதோ ஒன்று வலைக்கு வெளியே நின்று பிடித்து இழுத்திருக்கிறது என்று பொருள். பெரிய பாம்பு என்றால் கோழி முழுதாகக் காணாமல் போகும். விழுங்க முடியாமல் விட்டிருந்தால் தலையும் கழுத்தும் நனைந்து, இறகு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கும். இங்கே இதில் எதுவும் இல்லை. ஒரு கோழியும் வெளியே போகவில்லை. பசித்து வந்த ஒன்று, பிடித்த இரையை அங்கேயே வைத்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வந்த வழியாகக் கோழியை இழுத்துப் போக முடியவில்லை என்றே எனக்குப் பட்டது. அப்படியானால் ஓட்டை சின்னது, உயரத்தில் இருக்கிறது.

ஓட்டை தேட ஒரு சுலபமான வழி உண்டு. நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வலைப் பக்கங்களைச் சாக்கால் மறைத்து, கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இந்தக் கொட்டகையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே வரிசையாக அரைவட்ட வெளிச்சம் தெரிந்தது. அலைத் தகரம் சட்டத்தின் மேல் உட்காரும்போது ஒவ்வொரு அலைக்கும் கீழே ஓர் இடைவெளி இருக்கும் இல்லையா, அதுதான். அவற்றில் கை நுழையாது. ஆனால் மரத்துப் பக்க மூலையில் ஒன்று மட்டும் பெரிதாக இருந்தது. காற்றில் தகரம் தூக்கி, திருகு கழன்று, முனை மேல்நோக்கி வளைந்திருந்தது. என் கைமுட்டி தாராளமாக நுழைந்து திரும்பியது.

ஏணி வைத்து வெளியிலிருந்து பார்த்தேன். தகரத்தின் வெட்டு முனையில் பழுப்பும் சாம்பலும் கலந்த நாலைந்து முடி மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கறை. ஒரு விலங்கு ஒரே வழியில் பல தடவை உடம்பை உரசிப் போனால்தான் அப்படிக் கறை படியும். ஆக, கோழி செத்தது ஒரு ராத்திரியில்தான், ஆனால் அது கூரைக்கு வந்து போனது பல ராத்திரி. கூரையின் மேல், கிளை தொடும் இடத்தில், பழக்கொட்டைகள் முழுசு முழுசாக இருந்த எச்சம் காய்ந்து கிடந்தது. பழமும் தின்று, மரமும் ஏறி, இரவில் நடமாடி, கோழியையும் கடிப்பது மரநாய்தான். அன்றைக்கே மூலையைக் கட்டையால் அடைத்துவிட்டு, சந்தேகம் தீரச் சட்டத்தின் மேல் சலித்த சாம்பலைத் தூவிவைத்தோம், எதிரே இரவில் படம் பிடிக்கும் ஒரு சின்னக் கேமராவையும் கட்டினோம். சில இரவுகளில் இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. சாம்பலில் ஐந்து விரல் தடம். பூனைக்கும் நாய்க்கும் நரிக்கும் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். படத்தில், நீண்ட வாலோடு ஓர் உருவம் கிளையிலிருந்து இறங்கி, அடைத்த மூலையை முகர்ந்துவிட்டு ஒவ்வோர் அலையாகத் தகரத்தின் ஓரம் முழுக்கச் சோதித்துக்கொண்டே நடந்தது.

ஒன்றைத் தின்ன எதற்கு ஆறைக் கொல்ல வேண்டும்

கொட்டகைக்காரம்மாவை வதைத்த கேள்வி இது. "வெறி பிடிச்ச மிருகமா?" என்று கேட்டார். வெறி இல்லை. விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இருட்டு ராத்திரிகளில் நரிகள் கடற்காக்கைக் கூட்டத்துக்குள் புகுந்து, தின்னக்கூடியதைவிடப் பல மடங்கு பறவைகளைக் கொன்றுபோட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். வெட்டவெளியில் ஒன்றைப் பிடித்ததும் மற்றவை பறந்துவிடும், வேட்டை அதோடு முடியும். இரை ஓடாமல் கண்ணெதிரே நின்றுகொண்டே இருந்தால் பிடிக்கும் உந்துதல் மறுபடி மறுபடி தூண்டப்படும். வயிறு நிறைவதால் அது உடனே அணைந்துவிடுவதில்லை.

கோழி அப்படி நிற்கிற பறவை. பகலில் அதன் பார்வை நம்முடையதைவிடக் கூர்மை, இருட்டில் ஏறக்குறையக் குருடு. சட்டத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் கோழி அலறினாலும் எங்கே பறப்பது என்று அதற்குத் தெரியாது. தரையில் விழுந்தால் விழுந்த இடத்தில் பம்மும். இந்த நிலையில் அடைத்த கொட்டகை பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் முழுதாக அடைத்திருக்க வேண்டும். முக்கால்வாசி அடைத்த கொட்டகை, மரத்தில் அடையும் கோழிக்கு இருக்கிற வாய்ப்பைக்கூடக் கொடுக்காது.

குஞ்சுகளை எடுத்தது வேறு ஆள்

மரநாய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள், குஞ்சுக் கணக்கையும் அதன் தலையிலேயே எழுதிவிடப் பார்த்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கூரை வழியாக இறங்கி, தாய்க்கோழியின் சிறகுக்கடியிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு குஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, சட்டத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெட்டைகளைத் தொடாமல் போகுமா மரநாய்?

முட்டைப் பெட்டியை நகர்த்தினோம். அடியில் சுவரோரமாக ஒரு வளை, வாயில் புது மண் தள்ளியிருந்தது. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டியதும் தீவனத் துணுக்கு, முட்டை ஓடு, அதோடு ஒரு குஞ்சின் இறக்கையும் இரண்டு காலும் வந்தன. எலி. நன்றாக வளர்ந்த எலி, சில வாரமே ஆன குஞ்சைச் சுலபமாக இழுத்துப் போகும். வளைக்குள் கொண்டுபோய்த் தின்பதால் வெளியே ஒரு தடயமும் மிஞ்சாது.

எலி ஏன் வந்தது என்பதற்கு விடை கண்முன்னாலேயே இருந்தது. தீவனத் தொட்டியை ராத்திரியும் நிரப்பியே வைத்திருந்தார்கள், காலையில் கோழி பசியோடு எழுந்துகொள்ளக் கூடாது என்ற பாசத்தில். இருட்டில் கோழி தின்னாது. இருட்டில் தின்பது எலிதான். எலி பெருகினால் அதைத் தேடிப் பாம்பு வரும், பூனை வரும், மரநாயும் வரும். மரநாய் எலியையும் நன்றாகவே தின்னும். முதலில் எலிக்காகக் கூரையில் சுற்றி, பிறகு தகரம் தூக்கியிருப்பதைக் கண்டுபிடித்து, அப்புறம் உள்ளே இறங்கியது என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பிசுக்குக் கறை அதைத்தான் சொல்கிறது.

வேண்டாம் என்று தள்ளிய வழிகள்

பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷம் வைக்கச் சொன்னார். கொட்டகைக்குப் பக்கத்தில் எலி விஷம் வைத்தால், செத்த எலியைக் கோழியே கொத்தும். தடுமாறித் திரியும் எலியைப் பிடித்த ஆந்தையும் சாகும். கூகை ஒரு குடும்பத்தை வளர்க்கும்போது ராத்திரிக்குப் பல எலி பிடிக்கும், அதைக் கொல்வது கையிலிருக்கும் காவல்காரனைக் கொல்வதுதான். மரநாயைப் பொறிவைத்துப் பிடித்துத் தூரமாக விடலாமே என்ற யோசனையும் வந்தது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். அது போகட்டும், பலன் உண்டா என்றாலும் இல்லை. ஓட்டை அப்படியே இருந்தால், காலியான இடத்துக்கு இன்னொன்று வந்து குடியேறும்.

மின்னும் விளக்கு பற்றிக் கேட்டார்கள். சிலி நாட்டில் கால்நடைகளைக் காக்க அப்படிப்பட்ட விளக்குகளைச் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியானது. பூமா என்ற பெரிய காட்டுப் பூனைகளை அவை தள்ளி நிறுத்தின, அதே இடத்தில் ஆண்டிஸ் நரிகளை நிறுத்தவில்லை. ஆக, ஒரு விலங்குக்குப் பயன்பட்ட விளக்கு இன்னொன்றுக்குப் பயன்படும் என்று நம்பிக் காசு போடக் கூடாது. அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு கொஞ்ச நாள் மிரட்டும், பிறகு பழகிவிடும்.

நாய் நல்ல யோசனைதான். ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல் அருகே உள்ள மிடில் ஐலண்ட் தீவில் நரிகள் சின்னப் பென்குவின்களை ஏறக்குறைய ஒழித்துவிட்ட நிலையில், 2006 முதல் மரெம்மா இனக் காவல் நாய்களை வைத்து மீட்டார்கள். அந்த யோசனையைக் கொடுத்தது தன் கோழிகளை அதே நாய்களை வைத்துக் காத்துவந்த ஒரு கோழி வளர்ப்பவர். ஆனால் 2017-இல் நாய்கள் தீவில் இல்லாத சமயம் பார்த்து நரி புகுந்து ஏராளமான பென்குவின்களைக் கொன்றது. இந்த வீட்டு நாயோ ராத்திரி முன்வாசலில் தூங்கும் நாய். அதை நம்பி ஒன்றும் திட்டமிட முடியாது.

செய்த வேலை

கூரையிலிருந்து தொடங்கினோம். தகரத்தைத் தட்டிச் சமமாக்கி, வாஷர் வைத்த திருகால் இறுக்கினோம். அலை இடைவெளிகளை அடைக்கச் சிமெண்டு பூசலாம் என்று கொத்தனார் சொன்னதை ஏற்கவில்லை. வெப்பக்காற்றும் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் வெளியேற அந்த இடைவெளி வேண்டும். பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். காலையில் கதவைத் திறந்ததும் கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை. மரநாய்க்குப் பயந்து மூச்சு முட்ட அடைத்துவிட்டு, பிறகு சளி நோயில் கோழியை இழப்பவர்கள் நிறையப் பேர். இங்கே இடைவெளி முழுக்க அரை அங்குல வெல்டு மெஷ்ஷை (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கட்டம் போட்ட வலை) மடக்கி, உள்பக்கமாக அடித்தோம்.

கோழி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பியைத் திரித்து அறுகோணமாகப் பின்னிய அந்த வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கச் செய்தது. வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க அல்ல. கம்பி மெலிசு, துருப்பிடித்தால் விரலால் பிரிக்கலாம், ஓர் அங்குல ஓட்டையில் எலி சாவகாசமாக நுழையும். சுவருக்கு மேலிருந்த வலை முழுவதையும் மாற்ற வசதி இல்லாததால், தரையிலிருந்து நான்கடி உயரம் வரை பழைய வலைக்கு மேலேயே வெல்டு மெஷ் வைத்து, மரப்பட்டியால் அழுத்தித் திருகினோம். ஆணியோ பின்னோ மட்டும் அடித்தால் ஒரு தள்ளுக்குக் கழன்றுவிடும்.

தரைக்குக் கீழே ஆழமாகத் தோண்டிப் புதைக்கவில்லை. ஒன்றரை அடி அகல வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையோடு விரித்து, கல் அடுக்கி மண் மூடினோம். தோண்டும் விலங்கு சுவரை ஒட்டித்தான் பறிக்கும், வலை தட்டினால் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி சுவரோரமே பறிக்கும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. உள்ளே எலி வளையை உடைத்து, கல் இடித்து நிரப்பி, முட்டைப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மாட்டினோம். அடியில் ஒளிய இடம் இல்லாவிட்டால் எலி அங்கே தங்காது.

கதவு எளிமையாக முடிந்தது. கீழே ஒரு விரற்கடை சந்து இருந்தது, அடிப்பலகை அடித்து மூடினோம். கொண்டி நடுவில் மட்டும் இருந்ததால் கீழ் மூலையைத் தள்ளினால் கதவு நெளிந்து வாய் பிளந்தது. மேலும் கீழும் தனித்தனித் தாழ்ப்பாள் போட்டதும் நின்றது. ரக்கூன் என்ற விலங்கு திரியும் நாடுகளில் இதுவும் போதாது. அதன் விரல்கள் சாதாரணக் கொண்டியைத் தூக்கித் திறந்துவிடும், கொக்கியோடு பூட்டும் வேண்டும்.

கோழி உட்காரும் சட்டத்தையும் இடம் மாற்றினோம். வலையோடு ஒட்டி இருந்ததை இரண்டடி உள்ளே நகர்த்தி, கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் இடம் வருகிற மாதிரி இரண்டு வரிசையாக்கினோம். வெளியே நிற்கிற எதற்கும் காலோ வாலோ எட்டாது. கூரைமேல் சாய்ந்த கிளையை வெட்டினோம். மரநாய்க்கு அது பெரிய தடை இல்லை, சுவரேறியும் வரும், இருந்தாலும் கூரையில் மழைக்குச் சருகு சேராமல் இருக்கும்.

தீவனத் தொட்டி மாலையில் காலியாகி, மூடிபோட்ட தகர டின்னுக்குள் போகிறது. இத்தனை வேலையில் செலவே இல்லாதது இதுதான், அம்மாவை ஒப்புக்கொள்ள வைக்க அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

பிறகு நடந்தது

காயம்பட்ட இரண்டையும் தனிக்கூடையில் இருட்டான இடத்தில் வைத்தோம். ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். கடித் துளை வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழம் அதிகம், சீழ் பிடிக்கும். உப்புநீரில் கழுவி, கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். ஒன்று மறுநாள் செத்தது. மற்றொன்று கழுத்தில் இறகில்லாத ஒரு திட்டோடு நடமாடுகிறது. செத்த கோழிகளை ஆழமாகப் புதைத்து மேலே கல் வைக்கச் சொன்னேன். மேலோட்டமாக மூடினால் அந்த வாடையே அடுத்த விருந்தாளியைக் கூப்பிடும். தப்பியவை சில வாரம் முட்டையைக் குறைத்துக்கொண்டன, இரண்டு கோழிகள் இறகும் உதிர்த்தன. பயந்த கோழி அப்படித்தான் செய்யும், மருந்து தேவையில்லை.

கேமராவை எடுக்காமல் வைத்திருந்தோம். மரநாய் வந்துகொண்டேதான் இருந்தது. முதலில் அடிக்கடி, தகரத்தின் ஓரம் முழுக்கச் சுற்றி, வலையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகும். நாளாக நாளாகக் கூரையில் நிற்கும் நேரம் குறைந்தது. இப்போது மரத்தில் பழம் பழுக்கும்போது வருகிறது, கொட்டகையை எட்டிப் பார்ப்பதில்லை. எலி முழுசாகப் போகவில்லை. விறகடுக்கில் இருக்கிறது, கொட்டகைக்குள் வளை இல்லை. அடுத்து பொரிந்த குஞ்சுகளை இறகு முளைக்கும் வரை அடியிலும் வலை அடித்த ஒரு பெட்டியில் தாயோடு வைத்தார்கள், எல்லாம் தேறின.

சரியாகாமல் நிற்பது விடலைச் சேவல்கள் விஷயம். தப்பிய குஞ்சுகளில் இரண்டு வளர்ந்து, மாலையானால் கொட்டகைக்கு வராமல் மரத்தில் ஏறிவிடுகின்றன. அங்கே மரநாய்க்குக் கதவே கிடையாது. இருட்டிய பிறகு, கோழிக்குக் கண் தெரியாத நேரத்தில், கையால் எடுத்து உள்ளே சட்டத்தில் வைத்து, ஒரு வாரம் பகலிலும் வெளியே விடாமல் வைத்தால் அடையும் இடம் மனதில் பதிந்துவிடும். ஒன்று அப்படிப் பழகிவிட்டது. இன்னொன்று வெளியே விட்ட அன்றைக்கே மறுபடி மரத்துக்குப் போனது. தானியங்கிக் கதவு வாங்கலாமா என்று அம்மாவின் மகன் கேட்டான். வெளிச்சம் குறைந்ததும் அதுவாக மூடும் கதவு, ஆள் இல்லாத வீட்டுக்கு நல்லதுதான், ஆனால் உள்ளே எத்தனை வந்தன என்று அது எண்ணாது. இந்த வீட்டில் மாலையில் எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. அந்தக் காசுக்கு மிச்சமிருக்கும் பழைய வலையை மாற்றச் சொன்னேன். மரத்துப் பக்கத்துச் சுவரில் ஏற்கெனவே துரு ஏறத் தொடங்கியிருக்கிறது.